நம்பாதவரை மதம் வழிமறித்த இடம்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

கறுப்புச்சட்டையின் மகன்

அப்பா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலை நேரம் இன்னும் என்னை விடவில்லை. உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருந்தார். கண்களை மட்டும்தான் கொடுக்க முடிந்தது. ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், பங்காளிகள் வந்து சேர்வதற்குள் கண் வங்கிக்காரர்கள் வந்து போய்விட்டார்கள். அதன்பிறகு வீடு எங்கள் கையில் இல்லை. "அறுத்துப் போடவா பெற்று வளர்த்தார்கள்?" என்றார் பெரியப்பா. "கொள்ளி வைக்காவிட்டால் நாளைக்கு உன் தங்கை கல்யாணத்துக்கு இந்தத் தெருவில் யார் வந்து நிற்பார்கள்?" என்று அம்மா அழுதார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

குளிப்பாட்டி முடித்ததும் பெரியப்பா தட்டிலிருந்து திருநீற்றை அள்ளி, மூன்று விரல்களால் அப்பாவின் நெற்றியில் இழுத்தார். மூடிய இமைகளுக்குக் கீழே பஞ்சு வைத்திருந்தது எனக்குத் தெரியும். நாற்பது ஆண்டுகள் தெருமுனைக் கூட்டங்களில் பேசிய மனிதர். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

வரப்புப் பாதை

எங்கள் குடும்பம் நான்கு தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். பாட்டி செபமாலை சொல்லாமல் ஒருநாளும் படுத்ததில்லை. அவர் இறந்த அன்று சவ வண்டி கேட்டுக் கோயிலுக்குப் போனோம். வண்டி கொடுத்தார்கள். ஆனால் பெரிய தெரு வழியாக வர வேண்டாம், வயல் பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஐப்பசி மாதம், பாதையெல்லாம் சேறு. ஓரிடத்தில் சக்கரம் புதைந்து பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மாமா ஓடிப்போய்த் தோளைக் கொடுத்துத் தாங்கினார். உள்ளே பாட்டியின் உடல் நகர்ந்து பலகையில் இடித்த ஓசை எனக்குக் கேட்டது.

கல்லறையிலும் எங்களுக்குத் தனி மூலை. தலித் கிறித்தவர்களின் கல்லறைகளைத் தனியே பிரிக்கும் திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2008-இல் அப்போதைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்கெனத் தனிப் பங்குக்கோயில் கேட்டபோது மோதல் மூண்டு, காவல்துறை சுட்டதில் இருவர் இறந்தார்கள். சர்ச்சுக்குள் எங்கள் சாதி எல்லோருக்கும் தெரிகிறது. அரசாங்கத்துக்கு மட்டும் தெரிவதில்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது. நான் செபிப்பதை நிறுத்தியது அந்த வரப்பில்தான்.

ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரன்

முதலில் எழுதிய தம்பியோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. அவர் சொல்வது உறவினர்களின் வற்புறுத்தல். எந்தக் கோயிலும் மடமும் அவர் வீட்டு வாசலுக்கு வரவில்லை. இரண்டையும் ஒன்றாகப் பேசினால் நம் வாதம்தான் வலுவிழக்கும். வரப்புப் பாதை எழுதியதுதான் நிறுவனத்தின் கொடுமை.

என் அனுபவம் சிறியது. மகளைப் பள்ளியில் சேர்க்கும்போது மதம், சாதி என்ற இரண்டு கட்டங்களையும் வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். எழுத்தர் தலை நிமிராமலே பேனாவை எடுத்து 'இந்து' என்று எழுதிவிட்டு அடுத்த படிவத்துக்குப் போய்விட்டார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஆகவே இளையவர்களுக்குச் சில செய்திகள். அந்தக் கட்டங்களை நிரப்பாமல் விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973-இலேயே அரசாணை வந்துவிட்டது. அதன் நகலோடு போங்கள். சாதி மதம் அற்றவர் என்ற சான்றிதழை 2019-இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் பல ஆண்டுகள் அலைந்து பெற்றார், முடியாதது அல்ல. ஆனால் ஒதுக்கீட்டுக்கு உரியவர்கள் அதை விட்டுக்கொடுப்பதற்குமுன் நன்றாக யோசிக்க வேண்டும். திருமணத்துக்கு, இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் கொண்டுவந்த திருத்தத்தின் 7அ பிரிவு போதும். புரோகிதரும் தீயும் இல்லாமல், மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால் செல்லும். ஆனால் இருவரும் சட்டத்தின் கண்ணில் இந்துவாக இருக்க வேண்டும். வேறு மதத்தவரைத் திருமணம் செய்பவர்கள் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே முப்பது நாள் அறிவிப்பை ஒட்டி வைப்பார்கள். தடுக்க நினைக்கும் உறவினர்களுக்கு அது போதுமான அவகாசம், எச்சரிக்கையாக இருங்கள். உடல் தானம் செய்ய நினைப்பவர்கள் படிவத்தை மட்டும் நம்ப வேண்டாம். இறந்தபின் வாரிசுகள் சம்மதித்தால்தான் கல்லூரி ஏற்றுக்கொள்ளும். உயிரோடு இருக்கும்போதே பங்காளிகளைக் கூட்டிவைத்து எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிடுங்கள்.

கறுப்புச்சட்டையின் மகன்

ஐயா, அப்பா இரண்டு முறை கூட்டிச் சொன்னார். எங்கள் ஊரில் பங்காளிதான் மடம். கோயில் வரியை வசூலிப்பவர்களும் அவர்கள், முதல் மரியாதை யாருக்கு என்று தீர்மானிப்பவர்களும் அவர்கள். வரி கொடுக்காத வீட்டுச் சாவுக்கு யாரும் போகக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொல்பவர்களும் அவர்கள்தான். மடாதிபதி வந்து மிரட்ட வேண்டிய தேவையே அங்கு இல்லை.

கொங்கு வாசகன்

எனக்கு நேர்ந்ததையும் எழுதுகிறேன். தங்கையின் நிக்காஹுக்கு எங்கள் ஜமாத்தின் தடையில்லாச் சான்று தேவைப்பட்டது. மாப்பிள்ளை வேறு ஊர். சந்தா பாக்கி எதுவும் இல்லை. இருந்தும் கடிதம் வரவில்லை. மூன்றாவது முறை அத்தா போனபோது, "உங்கள் மகன் வெள்ளிக்கிழமை பள்ளிவாசலுக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்" என்று மென்மையாகச் சொல்லி அனுப்பினார்கள். யாரும் சத்தம் போடவில்லை.

2017 மார்ச்சில் இதே கோவையில், கடவுள் மறுப்பை வெளிப்படையாக எழுதிவந்த பாரூக் கொல்லப்பட்டார். அன்றிலிருந்து என் கைப்பேசியில் ஏதாவது தட்டச்சு செய்வதைப் பார்த்தாலே அம்மாவின் முகம் மாறிவிடும். அதனால் போனேன். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளூ செய்து, அத்தாவின் தொப்பியை வாங்கிப் போட்டு, வரிசையில் நின்றேன். நெற்றி தரையைத் தொட்டபோது பக்கத்தில் இருந்த அத்தாவைப் பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் திரும்பி வந்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியிலா, நான் எதற்காக வந்தேன் என்று தெரிந்ததாலா? அதை இன்றுவரை நான் கேட்கவில்லை. திங்கட்கிழமை கடிதம் வந்தது.

மருதம்

7அ பிரிவைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்தேன். என் திருமணம் அந்தச் சட்டப்படிதான் நடந்தது. புரோகிதர் இல்லை, தீ இல்லை, நல்ல நேரம்கூடப் பார்க்கவில்லை. தலைமை தாங்கியவர் விதவைகளை ஒதுக்குவதைக் கண்டித்து இருபது நிமிடம் பேசினார். பேசி முடித்து, மாலையை எடுத்துக் கொடுக்கும்படி என் அம்மாவை மேடைக்கு அழைத்தார்.

அப்பா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மா படியேறி வந்தார். கூட்டம் கைதட்டியது. மாலைக்கு மேலே அவருடைய கை ஒரு கணம் நின்றது, விரல்கள் நடுங்கின. பிறகு தட்டின் விளிம்பை மட்டும் பிடித்து, என் பக்கமாகத் தள்ளினார்.

"நீயே எடுத்துக்கொள்ளம்மா" என்றார்.