புதுப்பிப்பு: கலெக்டிவ் வாங்கியாச்சு, பாக்கி வேலையை நாற்காலி பார்த்துக்கொண்டது

வீட்டு சிமுலேட்டரில் ஹெலிகாப்டர் ஓட்டத் தனி கலெக்டிவ் (ஹெலிகாப்டரை ஏற்றி இறக்கும் கைப்பிடி) வேண்டுமா, கையில் இருக்கும் விமானத் துரோட்டலே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"பட்டனை எண்ணாதே தம்பி, விட்ட இடத்தில் நிற்கிறதா பார்" என்ற ஈப்போ அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது. ஸ்பிரிங் இல்லாத, உராய்வைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற, ஹால் சென்சார் (காந்தத்தை வைத்து நிலையை அறியும் உணரி) உள்ள பழைய கலெக்டிவ் ஒன்று கிடைத்தது. ஹெலிகாப்டர் அந்தரத்தில் மிதந்து நிற்கும்போது மயிரிழை அசைத்தாலும், கைப்பிடி விட்ட இடத்திலேயே நிற்கிறது.

முதல் நாள் கைப்பிடியைத் தூக்கினால் ஹெலிகாப்டர் இறங்கியது! சிமுலேட்டர் அமைப்பில் அந்த அச்சின் திசையைத் தலைகீழாக்கியதும் சரி. அடுத்து, இழுத்தால் அடிப்பலகையும் சேர்ந்து எழுந்தது. சுங்கை சிப்புட்டில் செம்பனை ஆலையில் வேலை செய்யும் மாமா பிளைவுட் வெட்டி, நாற்காலிக்கு அடியில் போல்ட் போட்டுத் தந்தார். இப்போது என் எடையே அதைப் பிடித்துக்கொள்கிறது.

எதிர்பாராதது ஒன்று: கலெக்டிவைத் தூக்கும்போது மூக்கு திரும்பாமல் இருக்க, பெல் 407 ஹெலிகாப்டருக்கு இடது பெடல், கேப்ரி ஜி2 ஹெலிகாப்டருக்கு வலது. ஒன்றின் மேல் சுழலி சுற்றும் திசைக்கு எதிர்த் திசையில் மற்றதன் மேல் சுழலி சுற்றுவதால்தான். ஒரு மாலை முழுக்கச் சாதனத்தைத் திட்டித் தீர்த்தேன், பாவம்.