மான்டே கார்லோ சூதாட்ட மாளிகை: உள்ளே போனவர்கள் கண்டதைச் சொல்லுங்கள்

கடலோரக் கணக்கர்

மொனாக்கோவில் உள்ள அந்த மாளிகையைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிரான்சின் நீஸில் அலுவல் முடிந்து மாலை ரயிலைப் பிடித்துப் போனேன். பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே நுழைந்து எண்ணிட்ட சிவப்பு, கறுப்புக் குழிகள் கொண்ட சக்கரம் சுழலும் ஒரு ரூலெட் மேசையோரம் நின்றேன். பந்து கறுப்பிலேயே விழுந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் சாம்பல் நிறக் கோட்டு அணிந்த பெரியவர் ஒருவர், ஒவ்வொரு முறையும் சிவப்பில் இரட்டிப்பாக வைத்தார். ஒவ்வொரு முறையும் போனது. கடைசியில் உள்பையிலிருந்து பணத்துக்குப் பதிலாக வைக்கும் செவ்வகமான பெரிய சில்லு ஒன்றை எடுத்துச் சிவப்பில் வைத்தார். வைத்தவர் விரலை எடுக்கவில்லை. சக்கரம் சுழற்றுபவர் "ரியன் ந வா ப்ளூ" (இனிப் பந்தயம் வைக்க முடியாது) என்று அறிவித்து, அவரை நிமிர்ந்து பார்த்த பிறகுதான் விரல் நகர்ந்தது.

பந்து பூஜ்யத்தில் விழுந்தது. பச்சை. நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். ஆனால் பூஜ்யம் வந்தால் சிவப்பு, கறுப்புப் பந்தயங்களுக்குப் பாதிப் பணம் திரும்புமாம். சிறிய சில்லுகளாக மாற்றி அவர் பக்கம் தள்ளினார்கள். பெரியவர் தலையசைத்து நன்றி சொன்னார், சிரித்தார், நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். முழுவதும் போயிருந்தால் எழுந்து போயிருப்பார் என்றே இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

நிகழ்தகவு வாத்தியார்

எழுந்து போயிருக்க மாட்டார் ஐயா. 1913 ஆகஸ்ட் 18 அன்று இதே மாளிகையில் கறுப்பு தொடர்ந்து 26 முறை விழுந்தது. பாதி வழியிலேயே கூட்டம் கூடிவிட்டது. இனிச் சிவப்பு வந்தே தீரும் என்று பணத்தைக் கொட்டினார்கள், பெருந்தொகையை இழந்தார்கள். கறுப்பு 26 முறை தொடர ஏறக்குறைய 13.7 கோடியில் ஒரு வாய்ப்புதான். ஆனால் 25 முறை விழுந்து முடிந்த பிறகு 26-ஆவது முறைக்கு வழக்கமான 37-இல் 18 வாய்ப்பு அப்படியே இருக்கிறது. முந்தைய சுற்றுகள் பந்துக்குத் தெரியாது.

என் அனுபவம் சிறியது. நான் போனபோது மேசையருகே ஓர் இளைஞர் எண்களை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். என் மாணவர்கள் தேர்வில் செய்யும் அதே பிழை, அழகான கையெழுத்தில்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சக்கரத்தில் 37 குழிகள்; ஒற்றை எண்ணில் வென்றால் கிடைப்பது 35 மடங்கு. அந்த இடைவெளியில் மாளிகைக்கு நூற்றுக்கு 2.7 நிற்கிறது. பாதி திரும்பும் விதி உள்ள மேசையில் சிவப்பு, கறுப்பு, ஒற்றை, இரட்டை போன்றவற்றுக்கு அது 1.35 ஆகக் குறைகிறது. எனவே கோட்டுக்காரர் அந்த மேசையில் இருந்தவற்றிலேயே மலிவான பந்தயத்தைத்தான் வைத்திருந்தார். அமெரிக்கச் சக்கரத்தில் பூஜ்யம் இரண்டு, அங்கே 5.26. இரட்டித்துக்கொண்டே போகும் உத்தி மேசையின் பந்தய உச்சவரம்பில் முட்டி நின்றுவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, இழக்கத் துணிந்த தொகையை மட்டும் சட்டைப்பையில் வைத்து, வங்கி அட்டையை ஓட்டல் அறையில் விட்டுவிட்டுப் போங்கள்.

ரசமட்டம்

யாரும் ஆலோசனை கேட்கவில்லையே வாத்தியாரே. தருமபுத்திரனுக்கே சொல்லிக் கேட்கவில்லை.

சக்கரத்துக்கு நினைவு இல்லாமல் இருக்கலாம், தேய்மானம் உண்டு. இங்கிலாந்திலுள்ள யார்க்‌ஷயரின் துணி ஆலைத் தொழிலில் இருந்த ஜோசப் ஜாகர் அதைத்தான் பிடித்தார். எழுத்தர்களை அமர்த்தி ஒவ்வொரு சக்கரத்திலும் விழுந்த எண்களைக் குறிக்கச் செய்தார். ஒரு சக்கரத்தில் சில எண்கள் மட்டும் அளவுக்கு மீறி வருவது தெரிந்தது. மாளிகைக்காரர்கள் சுதாரித்துச் சக்கரங்களை மாற்றிய பிறகும் பெருஞ்செல்வத்தோடு ஊர் திரும்பிவிட்டார். ஆகவே நோட்டில் குறிப்பவரையெல்லாம் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

நான் போனது காலையில், ஆட்டம் இல்லாமல் சுற்றிப் பார்க்க மட்டும் விடும் நேரத்தில். ஒருவர் சக்கரத்தின் விளிம்பில் ரசமட்டக் குழலை வைத்து, குனிந்து, குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையின் அடியில் எதையோ அரைத் திருகல் திருகினார், மறுபடி குனிந்தார். கொத்தனார் வீட்டில் பிறந்தவன் நான். அப்பா படிக்கட்டுக்குப் பார்க்கும் அதே பார்வை. கூரையில் தங்கமும் ஓவியங்களும் மின்னிக்கொண்டிருந்தன. நான் அந்தக் குமிழியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பாரிஸ் மருமகள்

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பாரிஸில் இருப்பவர்கள். மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். சூதாடும் இடத்துக்கு வரமாட்டேன் என்று சதுக்கத்திலேயே நின்றுவிட்டார். சரி, பக்கத்திலுள்ள ஒத்தெல் த பாரியின் முன்கூடத்தையாவது பார்க்கலாம் என்று அழைத்துப் போனேன். 1864-இல் திறந்த விடுதி. அங்கே பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி குதிரை மேல் இருக்கும் வெண்கலச் சிலை உண்டு அல்லவா? ஆட்டத்துக்குப் போகிறவர்கள் அதிர்ஷ்டம் வேண்டி குதிரையின் முழங்காலைத் தடவித் தடவி, அது மட்டும் பொன்போலப் பளபளக்கும். மாமிக்கு இது எதுவும் தெரியாது. ஒருவர் தொட்டதைப் பார்த்தார், தானும் போய்த் தொட்டார், கையை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு என்னிடம், "எந்தச் சாமி பிள்ளை?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

உடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாலையில் ஆட்ட அறைகளுக்குப் போவதென்றால் அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு வேண்டாம். ஆண்களுக்கு ஒரு கோட்டு கைவசம் இருப்பது நல்லது. சேலை கட்டலாம், ஆனால் அந்த ஊர் முழுக்க ஏற்றமும் இறக்கமும் படிக்கட்டும். ரயில் நிலையமே மலைக்குள் இருக்கிறது. குதிகால் உயர்ந்த காலணியைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் மாற்றிக்கொள்ளுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை ஆட்ட நேரத்தில் விடமாட்டார்கள். தண்ணீர் போத்தலை நீஸிலேயே வாங்குங்கள், சதுக்கத்து விலை உங்களுக்கு வேண்டாம்.

தோட்டத்து பெஞ்சு

எல்லோரும் ரூலெட்டையே சொல்கிறீர்கள். அதே கட்டடத்தில் ஓர் ஓபரா அரங்கு இருக்கிறது. பாரிஸ் ஓபராவைக் கட்டிய ஷார்ல் கார்னியே வடிவமைத்தது. 1879 ஜனவரி 25-இல் நடிகை சாரா பெர்ன்ஹார்ட் மேடையேறித் திறந்து வைத்தார். மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் வளைந்த கண்ணாடிச் சிற்பம் வாசலுக்கு எதிரே, மாளிகையைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அதன் அருகே பெஞ்சில் ஒரு முதியவரோடு பேச்சுக் கொடுத்தேன். மொனாக்கோ குடிமகன். ஆண்டுதோறும் ஓபராவுக்குப் போகிறவர், அதற்குப் போகும் வழியே சூதாட்ட மாளிகையின் முன்கூடம்தான். ஆனால் ஆட்ட மேசையில் உட்கார்ந்ததே இல்லை. மொனாக்கோ குடிமக்கள் அங்கே ஆடச் சட்டம் இடம் தருவதில்லை. வருத்தம் உண்டா என்று கேட்டேன். என் காலணியை ஒரு கணம் பார்த்தார். "நீங்கள் உள்ளே போய் வாருங்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடக்க வேண்டும்" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்பது இன்னும் பிடிபடவில்லை.

நிகழ்தகவு வாத்தியார்

விளையாட்டாகத்தான். மாளிகையின் வருமானத்தில் ஊர் நடந்தது அவருடைய தாத்தா காலத்துக் கணக்கு. 1863-இல் பிரான்சுவா பிளாங்க் மாளிகையை நடத்தும் உரிமத்தை எடுத்தார், 1868-இல் ரயில் வந்தது, வருமானம் கொட்டியது. 1869-இல் மொனாக்கோவை ஆண்ட இளவரசர் மூன்றாம் ஷார்ல் குடிமக்களுக்கு நேரடி வரிகளையே நீக்கினார். இன்று அரசு வருவாயில் சூதாட்டத்தின் பங்கு சிறிது. பெரும்பகுதி மதிப்புக்கூட்டு வரி.

பாரிஸ் மருமகள்

அப்படியானால் சதுக்கத்தில் நான் குடித்த காப்பியில்தான் பள்ளிக்கூடம் நடக்கிறது. விலையைப் பார்த்தபோதே நினைத்தேன்.