முட்டைக்கோழிப் பண்ணைகளைச் சுற்றியுள்ள காற்று: கோழிகளை எண்ணுவதா, அம்மோனியாவை அளப்பதா?

புதுச்சத்திரம் வாசி (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். நாமக்கல் முட்டையைப் பற்றி இங்கு நடக்கும் பேச்செல்லாம் விலை, தீவனம், ஏற்றுமதி என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. பண்ணைகளை ஒட்டி வாழ்பவர்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு முட்டைக்கோழி நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் வரை எச்சமிடுகிறது. அதில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஈரம். ஒரு லட்சம் கோழிகள் உள்ள பண்ணையில் இது நாளொன்றுக்குப் பத்து டன்னுக்குக் குறையாது. எங்கள் பக்கத்துப் பழைய ஷெட்டுகளில் கூண்டுகள் ஆளுயரத் தூண்களின் மேல் இருக்கும்; எச்சம் அடியிலேயே மாதக்கணக்கில் குவிந்து கிடக்கும். காற்று நன்றாகப் புகும் வரிசையில் அது கூம்பு கூம்பாகக் காய்ந்து நிற்கும். கோழி தண்ணீர் குடிக்கும் குழாய் முனையான நிப்பிள் ஒன்றே ஒன்று ஒழுகினாலும், சாரல் உள்ளே அடித்தாலும், அந்த இடத்தில் கூம்பு சரிந்து சேறாகிவிடும். மேற்பரப்பு மெல்ல அசைவதைக் கொண்டே உள்ளே ஈப்புழு நெளிவதை அறியலாம். எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியாவாக்க அந்த ஈரமும் நம் ஊர் வெப்பமும் போதும்.

சட்டம் இதை எப்படிப் பார்த்தது? ஒரு லட்சம் கோழிகளுக்குக் குறைவான பண்ணைகள் நெடுங்காலம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமலே இயங்க முடிந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 செப்டம்பரில் இந்த விலக்கை மறுபரிசீலனை செய்யுமாறு உத்தரவிட்டது. அதன் பிறகு 2021-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டுக் கோழிப்பண்ணைகளை மாசு குறைந்த தொழில்களுக்கான பச்சை வகையிலிருந்து, அதைவிட மாசு கூடியவற்றுக்கான ஆரஞ்சு வகைக்கு மாற்றியது. 5,000 கோழிகளுக்கு மேற்பட்ட பண்ணைகளும் வரம்புக்குள் வந்தன. நல்லதுதான். ஆனால் இப்போதும் கணக்கு பண்ணைவாரியாகவே நடக்கிறது. ஓர் ஊரைச் சுற்றிப் பத்துப் பண்ணைகள் இருந்து, பத்தும் தனித்தனியே விதிக்கு உட்பட்டிருந்தாலும், ஊருக்குள் வரும் காற்று அந்தப் பத்தின் கூட்டுத்தொகைதான். ஆகவே அம்மோனியாவை ஊர் எல்லையில் அளக்க வேண்டும். அந்த அளவைப் பார்த்த பிறகே எந்தப் பண்ணையின் விரிவாக்கத்துக்கும் இசைவு தர வேண்டும் என்பது என் வாதம்.

எருமப்பட்டிப் பண்ணையாளர்:

என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு இதுதான் தொழில். தாங்கள் எழுதிய எச்சக் கணக்கை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து தாங்கள் வரும் முடிவைத்தான் மறுக்கிறேன்.

கோழி எரு எங்களுக்குக் கழிவு அல்ல, வருமானம். மஞ்சள், மரவள்ளி, தென்னை பயிரிடுவோர் வாங்குகிறார்கள். கேரளத் தோட்டங்களுக்கும் லாரி லாரியாகப் போகிறது. எருவிலிருந்து அம்மோனியா வெளியேறினால் அதிலுள்ள தழைச்சத்துதான் போகிறது. ஈரமான எருவுக்கு விலையும் கிடையாது. எந்தப் பண்ணையாளரும் விரும்பி எருவை நனைய விடமாட்டார். நிப்பிள் ஒழுகினால் அன்றே மாற்றுகிறோம்; ஈரம் கண்ட இடத்தில் சுண்ணாம்புத்தூளோ சூப்பர் பாஸ்பேட்டோ தூவுகிறோம்; ஈப்புழுவுக்கு மருந்தும் தருகிறோம்.

அடுத்து, எங்கள் ஷெட்டுகளின் பக்கங்கள் திறந்தவை. வெளிநாட்டு மூடிய கொட்டகைகளில் அளந்த எண்களை வைத்து யாராவது நாமக்கல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அது நியாயமல்ல. பண்ணை அமைந்த காலத்தில் சுற்றிலும் மானாவாரிக் காடுதான் இருந்தது. பின்னர் மனை பிரித்து விற்றவர்கள் பண்ணை வேலி வரைக்கும் வீடு கட்ட வைத்தார்கள். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு ஒரு விலையை அறிவித்தாலும், வியாபாரி அதிலிருந்து ஒரு தொகையைக் கழித்து, ‘மைனஸ்’ போட்டுத்தான் எடுக்கிறார். சத்துணவில் குழந்தைகளின் தட்டுக்கு வரும் முட்டை இந்த விலைக்குள்தான் உற்பத்தியாக வேண்டும். ஒவ்வொரு புதிய நிபந்தனையின் செலவையும் யார் ஏற்பது என்று சொல்லிவிட்டு நிபந்தனை விதியுங்கள்.

மோகனூர் வாசகி:

மனை பிரித்து விற்றதைப் பற்றிப் பண்ணையாளர் ஐயா சொன்னது பல இடங்களுக்குப் பொருந்தும். எங்கள் ஊருக்குப் பொருந்தாது. எங்கள் தெரு பண்ணைக்கு முந்தியது. மேற்கே இருக்கும் பண்ணை (பெயர் வேண்டாம்) நாங்கள் பார்க்கப் பார்க்க ஒரு ஷெட்டிலிருந்து வரிசையாக வளர்ந்தது. எரு அள்ளும் நாட்களில் லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடாமல் தெரு வழியாகவே கொண்டுபோகிறார்கள். அதையடுத்த வாரத்தில் ஈ மொய்ப்பு எப்படியிருக்கும் என்றால், அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றுப் பாத்திரத்தை ஈரத்துணியால் மூடி, மேலே தட்டையும் வைத்துத்தான் நகர முடியும். குழந்தைக்கு ஊட்டும்போது ஒரு கை விசிறுவதற்கே சரியாகிவிடும். மாமியாருக்கு இளைப்பு உண்டு. விடியற்காலையில் நெடி இறங்கும்போது அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். பண்ணையால்தான் இளைப்பு வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது கூடுவதை நாங்கள் வீட்டிலிருந்து பார்க்கிறோம். முறையிடப் போனால், "நெடிக்கு ஏதாவது அளவு இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். எனக்கும் அதே கேள்விதான்: அளவு இருக்கிறதா?

காற்றளவி:

இருக்கிறது, அம்மா. நெடிக்கு இல்லை, அம்மோனியாவுக்கு இருக்கிறது. 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத்தர நிர்ணயத்தில் பன்னிரண்டு மாசுகள் உள்ளன. அம்மோனியா அவற்றுள் ஒன்று. ஒரு கனமீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரி 400 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. ஆண்டுச் சராசரி 100 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது.

இந்த 400 மைக்ரோகிராம் என்பது பத்து லட்சத்தில் 0.6 பங்குக்கும் சற்றுக் குறைவு. மனித மூக்கு அம்மோனியாவை உணரத் தொடங்குவது பொதுவாகப் பத்து லட்சத்தில் ஐந்து பங்கையொட்டி என்கிறார்கள். ஆளுக்கு ஆள் மாறும். அதாவது, அம்மோனியாவின் காரநெடி வீட்டுக்குள் தெளிவாகத் தெரிகிற நொடியில் காற்றில் அதன் அளவு ஏறத்தாழ 3,500 மைக்ரோகிராம் இருக்கக்கூடும். நாள் முழுவதும் அப்படியே இருந்ததாக ஆகாது என்பதால் அதை நேரடியாக விதிமீறல் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் ‘வெறும் நாற்றம்தானே’ என்று தள்ளிவிடவும் முடியாது. விடியற்காலையில் கூடுவதற்கும் காரணம் உண்டு. இரவில் தரை குளிர்ந்து, காற்று அசைவற்று, மேலே சூடான காற்றடுக்கு மூடிக்கொள்வதால் வெளியேறிய வாயு கலைந்துபோக வழியின்றித் தரையோடு தங்குகிறது.

இன்னொன்று: பண்ணையிலிருந்து வருவது அம்மோனியா மட்டுமல்ல. காய்ந்த எச்சம், இறகுத்துகள், தீவனத்தூள் ஆகியவை சேர்ந்த தூசியில் எண்டோடாக்சின் எனப்படும் பாக்டீரியா நச்சும் இருக்கும். அது மூச்சுக்குழலை எரிச்சலூட்டும். அம்மோனியாவோ வாகனப் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் உள்ள அமிலங்களோடு கூடி நுண்துகளாகிப் பல கிலோமீட்டர் பயணம் செய்யும். நெதர்லாந்தில் கால்நடைப் பண்ணைகளுக்கு அருகில் வசிப்போரை ஆராய்ந்து 2016-இல் வெளியான அறிக்கை, கோழிப்பண்ணைகளை ஒட்டி வாழ்வோரிடையே நிமோனியா கூடுதலாக இருந்ததையும், அம்மோனியா மிகுந்த நாட்களை ஒட்டி நுரையீரலின் செயல்திறன் குறைந்ததையும் பதிவு செய்தது.

எருமப்பட்டிப் பண்ணையாளர்:

நெதர்லாந்தில் பன்றி, ஆடு, மாடு, கோழி எல்லாம் ஒரே வட்டாரத்தில் நெருக்கமாக வளர்க்கப்படுகின்றன. தட்பவெப்பமும் வேறு. அந்த முடிவை அப்படியே இங்கு கொண்டுவந்து வைத்தால் நான் ஏற்கமாட்டேன். நெடி என்றால் அம்மோனியா என்று எடுத்துக்கொள்வதையும் ஏற்கமாட்டேன். எங்கள் வட்டாரத்தில் ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீரும் நாறுகிறது. செத்த கோழியைச் சாலையோரம் வீசுகிற ஒரு சிலரால் வருகிற நாற்றமும் எல்லாப் பண்ணைகளின் தலையிலும் விழுகிறது. அப்படி வீசுபவர்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னால் முதலில் கையெழுத்திடுவது நானாக இருப்பேன். ஒரு லட்சம் கோழி உள்ள இடத்தில் நாளொன்றுக்கு இருபது கோழி இறப்பது இயல்பு. அதற்குக் குழி வெட்டாமல் பண்ணை நடத்துவது தவறு.

கால்நடை மருத்துவர்:

இரு தரப்புக்கும் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஷெட்டுக்குள் அம்மோனியா பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது கோழியும் அங்கே முட்டை பொறுக்கும் தொழிலாளியும்தான். கோழிக்குக் கண் எரிச்சலும் சுவாச நோயும் வரும்; தீவனம் எடுப்பது குறைந்து முட்டையும் குறையும். ஆகவே இதை ஊருக்கும் பண்ணைக்குமான சண்டையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வானிலை முன்னறிவிப்போடு பண்ணையாளர்களுக்கு ஆலோசனையும் வெளியிட்டு வருகிறது. வெப்பம் ஏறினால் கோழி தண்ணீர் கூடுதலாகக் குடிக்கும், எச்சம் இளகும். வெயில் உச்சத்திலும் ஐப்பசி மழையிலும் எரு ஈரமாவது முன்கூட்டியே தெரிகிற விஷயம் என்பதால் ஏற்பாட்டையும் முன்கூட்டியே செய்ய முடியும்.

செலவு குறைந்த வழி தீவனத்திலிருந்து தொடங்குகிறது. தீவனத்தின் புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்து, மெத்தியோனின், லைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியே சேர்த்து ஈடுசெய்தால் அம்மோனியா வெளியேற்றம் சுமார் பத்து சதவீதம் குறைகிறது. பெரிய வேறுபாடு ஷெட்டின் அமைப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் அயோவா, பென்சில்வேனியா மாநிலங்களில் அளந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அடியில் எரு தேங்கும் கொட்டகையில் ஒரு கோழிக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.9 கிராம் அம்மோனியா வெளியேறியது. கூண்டுகளுக்கு அடியில் ஓடும் பெல்ட் மூலம் எருவை அடிக்கடி வெளியேற்றும் கொட்டகையில் 0.1 கிராமுக்கும் குறைவு. நம் திறந்த ஷெட்டுக்கு அந்த எண் அப்படியே பொருந்தாது என்பது உண்மை. ஆனால் எரு தேங்கினால் அம்மோனியா பெருகும் என்ற வேதியியல் இரண்டு நாட்டுக்கும் ஒன்றுதான். ஒரு லட்சம் கோழிக்குக் கணக்கிட்டால் நாளொன்றுக்கு 90 கிலோவுக்கும் 10 கிலோவுக்கும் உள்ள வேறுபாடு அது.

எருமப்பட்டிப் பண்ணையாளர்:

பெல்ட் எருவை வெளியேற்றும். எரு எங்கே போகும்? ஷெட்டுக்கு வெளியே ஒரு குவியலாகத்தானே நிற்கும்? மழையில் நனைந்தால் அங்கிருந்து அம்மோனியா போகும்; கசிவு கிணற்றில் இறங்கும். பெல்ட்டு ஷெட்டுக்குக் கடன் வாங்கியவர் எருவுக்குக் கூரை போடவும் கடன் வாங்க வேண்டும். ஐந்து லட்சம் கோழி வைத்திருப்பவரால் இது முடியும். இருபதாயிரம் கோழி வைத்திருப்பவர் பண்ணையை மூடுவார், அல்லது அந்தப் பெரியவருக்கே விற்றுவிடுவார்.

புதுச்சத்திரம் வாசி:

பண்ணையாளர் ஐயா சொன்ன இந்த அம்சத்தைத்தான் இந்த இழையில் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். கூரையும் தளமும் இல்லாத குவியலுக்குப் பெல்ட் தீர்வாகாது. எருக் கசிவிலுள்ள தழைச்சத்து மண்ணில் நைட்ரேட்டாக மாறும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்; நம் பாறை நிலத்தில் ஒருமுறை கிணற்றில் இறங்கியது எளிதில் வெளியேறாது. அதனால்தான் சிறு பண்ணைகளுக்குத் தனித்தனிக் கூரை கேட்காமல், ஊருக்குச் சற்றுத் தள்ளிப் பொதுவான எரு உலர்த்தும் களம் அமைக்க அரசு மானியம் தர வேண்டும் என்கிறேன். ஈரமான எருவுக்கு விலை கிடையாது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மனைப்பிரிவைப் பற்றிய தங்கள் குறையையும் முழுமையாக ஏற்கிறேன். குடியிருப்பிலிருந்து பண்ணைக்கு இடைவெளி விதிக்கும் அரசு, பண்ணையை ஒட்டி வரும் மனைப்பிரிவுக்கும் அதே இடைவெளியை விதிக்க வேண்டும். அதைச் செய்யாமல் பண்ணையாளரை மட்டும் பிடிப்பது அநீதி. ஆனால் மோகனூர் அம்மா எழுதியது போன்ற, பண்ணைக்கு முந்திய தெருக்களுக்கு அந்த வாதம் செல்லாது.

அளவீடு குறித்து ஒரு திட்டம் தருகிறேன். காற்றிலுள்ள அம்மோனியாவைத் தானே உறிஞ்சிச் சேர்த்துவைக்கும், மின்சாரம் தேவையில்லாத உறிஞ்சுகுழாய்களை ஊரின் நான்கு எல்லையிலும், பண்ணைகளே இல்லாத ஓர் ஊரிலும் மாதம் ஒருமுறை மாற்றிக் கட்டுவோம். அதில் கிடைப்பது சராசரி என்பதால் 100 மைக்ரோகிராம் ஆண்டு வரம்போடு ஒப்பிடலாம். ஜவ்வரிசி ஆலைக் கழிவின் நாற்றத்தில் பெரும்பங்கு கந்தக வாயுவும் கொழுப்பமிலங்களும்தான். அம்மோனியாவுக்கான குழாயில் அவை பதியா. ஆகவே ஆலையின் பழி பண்ணைமேல் விழாது. ஓராண்டு முடிந்து முடிவைக் கிராம சபையில் வைக்கும் வரை புதிய ஷெட்டுகளுக்கு இசைவு தரக்கூடாது.

எருமப்பட்டிப் பண்ணையாளர்:

கடைசி வரியை ஏற்க முடியாது. ஒன்றும் நிரூபிக்கப்படாத நிலையில் ஓராண்டு தொழிலை நிறுத்தச் சொல்வது தண்டனையை முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு விசாரிப்பது. வங்கிக் கடன் ஒப்புதலாகி, குஞ்சுக்கு முன்பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அளவீட்டுக்கு நான் தடையாக இருக்கமாட்டேன். என் பண்ணையின் கிழக்கு வேலியில் இரண்டு குழாய்கள் கட்டிக்கொள்ளுங்கள். எரு அள்ளும் தேதியையும் முன்கூட்டியே சொல்கிறேன், அந்த மாதத்தின் அளவு தனியாகத் தெரியட்டும். லாரிக்குத் தார்ப்பாய் கட்டாமல் என் பண்ணையிலிருந்து எரு வெளியே போகாது.

மோகனூர் வாசகி:

தார்ப்பாய் கட்டுவதற்கு ஓராண்டு ஆய்வு தேவையில்லை என்பதால் அதை எல்லாப் பண்ணைகளும் இந்த மாதமே தொடங்கலாம். எங்கள் தெருவில் ஒரு குழாய் கட்ட இடம் தருகிறோம். மாதந்தோறும் மாற்றும் பொறுப்பை எங்கள் மகளிர் குழு எடுத்துக்கொள்ளும். புதிய ஷெட்டு விஷயத்தில் நான் புதுச்சத்திரத்தார் பக்கம்தான்: கட்டிய பிறகு அளவு மீறியிருந்தது தெரிந்தால், அந்த ஷெட்டை இடிக்கச் சொல்ல எங்களில் யாருக்கும் வலு இருக்காது.