பழுப்புப் பாசி: தண்ணீரைச் சுத்தம் செய்யச் செய்ய அதிகமாகிறது, உதவி வேண்டும்

கேள்வி: சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

எல்லாருக்கும் வணக்கம். கடல்நீர்த் தொட்டி வைத்து ஏழு மாதம் ஆகிறது. சம்ப்பையும் (கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்த்து, பாறையைக் கழித்து, தண்ணீர் மட்டும் சுமார் 300 லிட்டர். நுரையோடு அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மர் உண்டு. பாறை முழுதும் காய்ந்த பாறைதான், மணலும் பையில் வந்த காய்ந்த மணல். இரண்டு க்ளவுன் மீன், ஒரு கோபி மீன், ஒரு ஹாமர் பவளம், இரண்டு கொத்து ஸோவா பவளம். உப்பு 35, வெப்பம் 26 டிகிரி.

மூன்றாம் மாதம் மணலில் பழுப்புத் தூசி மாதிரி ஒன்று வந்தது, மூன்று வாரத்தில் தானாகப் போய்விட்டது. ஐந்தாம் மாதம் மறுபடி வந்தது வேறு மாதிரி. சளி போல வழவழப்பு, பாறையில் நூல் நூலாகத் தொங்குகிறது, ஒவ்வொரு நூலின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழி. காலையில் விளக்கு எரிவதற்கு முன் மணல் கிட்டத்தட்ட வெள்ளையாக இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் பழுப்புக் கம்பளம்.

சத்து அதிகமானால்தான் பாசி வரும் என்று படித்து, தீனியை இரண்டு நாளைக்கு ஒரு தடவையாகக் குறைத்தேன். பாஸ்பேட் நீக்கும் இரும்புத் துகள் போட்டேன். வாரம் இரண்டு முறை 60 லிட்டர் மாற்றுகிறேன். ஒவ்வொரு முறை மாற்றிய மறுநாளும் முன்னைவிட மோசம். 15 நத்தை விட்டேன், 11 செத்துவிட்டன. ஹாமர் ஒரு வாரமாக விரியவே இல்லை.

இந்தத் தொட்டி அப்பாவுக்காக வைத்தது. சார்டீன் வரும் ஜூன், ஜூலையில் கரையில் வலை இழுத்தவர் அவர். இப்போது கால் முடியாமல் வீட்டோடு இருக்கிறார், பகலெல்லாம் இதன் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் கண்முன்னே இது சாகக்கூடாது. என்ன தவறு செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

பதில்: டோங்காட்

தம்பி, இது டையாட்டம் போலத் தெரிகிறது, சிலிக்கா ஓடு கட்டும் நுண்பாசி. புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வரும். தண்ணீரில் சிலிக்கேட் இருந்தால் விடாது. உங்கள் ஆர்.ஓ. (தண்ணீர் சுத்திகரிக்கும்) இயந்திரத்தின் கடைசிக் குப்பியில் இருக்கும் ரெசினை மாற்றிவிட்டீர்களா? கரைந்த உப்பை மின்னோட்டத்தால் அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டுகிறது என்று நம்பி இருக்காதீர்கள். சிலிக்கா தண்ணீரில் மின்னூட்டம் இல்லாமலே கரைந்திருக்கும், அந்த மீட்டர் கண்ணில் அது படாது. ரெசின் தளரும்போது முதலில் கசிவதும் அதுதான். ரெசினை மாற்றி, பொறுமையாக இருங்கள், போய்விடும்.

பதில்: பீனிக்ஸ்

டோங்காட் அண்ணன் ரெசினைப் பற்றிச் சொன்னது சரி. மூன்றாம் மாதம் வந்தது டையாட்டமாகவே இருக்கும். ஆனால் இப்போது இருப்பது அது இல்லை என்று நினைக்கிறேன். டையாட்டம் கண்ணாடியில் விரல் வைத்தால் பொடியாக வரும், நூலாகத் தொங்காது. அதைத் தின்று நத்தை கொழுக்குமே தவிரச் சாகாது.

பழுப்பாக இருப்பதெல்லாம் ஒரே பாசி என்று எடுத்துக்கொண்டுதான் பலர் தொட்டியைக் கெடுக்கிறோம். ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்குத் தீனி. ஆகவே முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். நைட்ரேட் எவ்வளவு, பாஸ்பேட் எவ்வளவு? அதுவரை தண்ணீர் மாற்றாதீர்கள். கையுறை இல்லாமல் உள்ளே கை விடவும் வேண்டாம்.

அப்புறம் வீட்டிலேயே ஒரு சோதனை. அந்தச் சளியைக் கொஞ்சம் தொட்டித் தண்ணீரோடு ஒரு கண்ணாடிக் குப்பியில் உறிஞ்சி எடுங்கள். மூடி நன்றாகக் குலுக்குங்கள், சளி முழுதும் கரைந்து தண்ணீர் கலங்கலாக வேண்டும். அதைக் காபி வடிகட்டும் தாளில் ஊற்றி, கீழே இறங்கும் தண்ணீரைச் சுத்தமான குப்பியில் பிடித்து விளக்கடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூல் கட்டி ஒன்று சேர்ந்தால் டைனோஃபிளாஜெல்லேட், சுருக்கமாக டைனோ, நீந்தும் ஒற்றைச் செல் நுண்ணுயிர். தண்ணீர் தெளிவாகவே இருந்தால் வேறு ஏதோ.

கேட்டவர்: சாட்ஸ்வர்த்

நன்றி அண்ணா. நைட்ரேட் 0. பாஸ்பேட் ஹானா மீட்டரில் 0.00, இரண்டு தடவை பார்த்தேன், அதேதான். இதைப் பார்த்து நான் போன மாதம் சந்தோஷப்பட்டேன்.

தாள் சோதனை செய்தேன். நாற்பது நிமிடத்தில் சிலந்தி வலை மாதிரி ஒன்று கட்டிவிட்டது, உள்ளே குமிழியோடு. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், பயமாகவே இருந்தது.

பதில்: பீனிக்ஸ்

அப்படியானால் டைனோதான். அந்த இரண்டு சைபர்தான் காரணம்.

காய்ந்த பாறையில் தொடங்கிய தொட்டியில் மற்ற நுண்ணுயிர்கள் இன்னும் சரியாகக் குடியேறவில்லை. அந்தப் பாறை பாஸ்பேட்டையும் தன் பங்குக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதன்மேல் இரும்புத் துகள், பட்டினி, தண்ணீர் மாற்றம். சாதாரணப் பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் சாப்பாடே இல்லாமல் போய்விட்டது. டைனோ அப்படியில்லை, வெளிச்சத்தையும் தின்னும், பாக்டீரியாவைப் பிடித்தும் தின்னும். போட்டிக்கு ஆள் இல்லாத வயலில் களை பரவியது போல அது பரவுகிறது. புது உப்புத் தண்ணீர் ஊற்றும்போது வரும் நுண்சத்துகளும் அதற்கு உரமாகிறது. என் தொட்டியிலும் தண்ணீர் மாற்றிய மறுநாள்தான் கொழுத்து நிற்கும்.

இரும்புத் துகளை இன்றே எடுத்துவிடுங்கள். தீனி பழையபடி தினமும். மற்றதற்கு முன் எந்த வகை டைனோ என்று பார்க்க வேண்டும். நுண்ணோக்கி கிடைக்குமா?

பதில்: கேப் டவுன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், தம்பி. வீட்டில் முடியாத பெரியவர் இருக்கிறார் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நத்தை சாகிறது என்றால் அது ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற நச்சு டைனோ வகையாக இருக்கலாம். அதன் நஞ்சு பாலிடாக்சின் குடும்பம், உங்கள் ஸோவா பவளங்களில் சிலவற்றில் இருக்கும் அதே குடும்பம். 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் இது பெருகியபோது, கடல் காற்றைச் சுவாசித்த சுமார் 200 பேர் இருமலும் காய்ச்சலுமாக மருத்துவ உதவி தேடிப் போனார்கள். வீட்டுத் தொட்டியில் அந்த அளவுக்கு வராது. ஆனாலும் பாறையைத் தண்ணீருக்கு வெளியே எடுத்துத் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள், தெறிக்கிற வேலை செய்யும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், அப்பாவை வேறு அறையில் உட்கார வையுங்கள். கரித்துகள், அதாவது ஆக்டிவேட்டட் கார்பன், ஒரு பையில் போட்டு ஓடவிடுங்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். டைனோ சாகும்போது விடும் நஞ்சை அது பிடிக்கும்.

இன்னொன்று ஆக்சிஜன். எங்கள் மேற்குக் கரையில் ஈலண்ட்ஸ் பே என்ற இடத்தில் 1997-ல் சுமார் 2000 டன் கிரேஃபிஷ் (பாறை இறால்) கடலை விட்டு வெளியே நடந்து வந்து கரையில் செத்துக் கிடந்தது. செந்நீர்ப் பாசி பெருகி, செத்து, அழுகித் தண்ணீரின் ஆக்சிஜனைக் குடித்துவிட்டது. அந்தப் பாசியும் டைனோ கூட்டம்தான். தொட்டியில் மொத்தமாகக் கொல்லப் பார்த்தால் மீனுக்கு அதே கதி வரும். மெதுவாகச் செய்யுங்கள், ஸ்கிம்மரை நிறுத்தவே வேண்டாம். கரண்ட் போனால் ஓட பேட்டரிக் காற்றுப் பம்ப் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கேட்டவர்: சாட்ஸ்வர்த்

அக்கா, நன்றி. அப்பாவின் நாற்காலியை முன் அறைக்கு மாற்றிவிட்டேன்.

என் தங்கை பள்ளியில் லைஃப் சயன்சஸ் ஆசிரியை. அனுமதி வாங்கி அங்கே 400 மடங்கில் பார்த்தோம். பாறையில் எடுத்த சளியில், நீர்த்துளி வடிவில் பழுப்பாக, கூர்முனையை நூலில் கட்டிவிட்டது போல ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருகின்றன. மணலில் எடுத்ததில் வேறு ஒன்று: முட்டை வடிவம், ஒரு பக்கம் சின்ன வளைந்த மூக்கு, வழுக்கிக்கொண்டு போகிறது. இடையிடையே அசையாத கண்ணாடிப் படகு மாதிரியும் சில.

பதில்: பீனிக்ஸ்

தங்கைக்கு என் வணக்கம் சொல்லுங்கள், இவ்வளவு தெளிவாக யாரும் எழுதியதில்லை. பாறையில் சுற்றுவது ஆஸ்ட்ரியாப்சிஸ். மணலில் வழுக்குவது ஆம்ஃபிடினியம், இன்னொரு டைனோ வகை. கண்ணாடிப் படகு டையாட்டம், அது இருப்பது நல்லது, விட்டுவிடுங்கள்.

ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் பிடியை விட்டுத் தண்ணீரில் மிதக்கும். காலையில் மணலும் பாறையும் வெள்ளையாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கேதான் அதைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஓடும்போது நுண்ணுயிரைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கு வாங்குங்கள். 10, 12 லிட்டருக்கு 1 வாட் என்பது நாங்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு, உங்களுக்கு 25 வாட் போதும். சம்ப்பில் மாட்டாதீர்கள். தண்ணீரை மேல் தொட்டியிலிருந்தே எடுத்து மேல் தொட்டிக்கே விட வேண்டும், ஓட்டம் மெதுவாக, இரவும் பகலும்.

ஆம்ஃபிடினியம் இரவில் மேலே வராது, மணலுக்குள் இறங்கிவிடும். யு.வி.யால் அதைத் தொட முடியாது. அதைப் பிறகு பார்க்கலாம்.

சத்து ஏற்றுவது இப்படி. செடி வளர்ப்புக் கடையில் தூய பொட்டாசியம் நைட்ரேட் 24.5 கிராம் வாங்கி அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரையுங்கள். அதில் 10 மில்லி விட்டால் உங்கள் 300 லிட்டரில் நைட்ரேட் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏறும். பொட்டாசியமும் கூடவே 0.6 ஏறும், கடல்நீரில் 400 பக்கம் இருக்கும் சரக்குக்கு அது ஒன்றுமே இல்லை. பாஸ்பேட்டுக்கு நீரற்ற டைசோடியம் பாஸ்பேட் 2.2 கிராம் ஒரு லிட்டரில். இதில் 10 மில்லி 0.05 ஏற்றும். ஒரு நாளில் அதற்கு மேல் வேண்டாம். முதல் வாரம் போட்டது எல்லாம் மறுநாள் 0 காட்டும், பாறை குடித்துவிடும். தளராமல் தினமும் அளந்து போடுங்கள். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.1 பக்கம் நிற்கும் வரை.

சளியை எடுக்கும்போது தண்ணீரை வீசாதீர்கள். சைஃபன் குழாயின் முனையை 10 மைக்ரான் வடிகட்டிப் பைக்குள் விட்டு, பையை சம்ப்பில் தொங்கவிடுங்கள். அழுக்கு பையில் தங்கும், தண்ணீர் தொட்டிக்கே திரும்பும். பையை உடனே கழுவிவிட வேண்டும்.

யு.வி. ஓடத் தொடங்கிய பிறகு மூன்று நாள் விளக்கை அணைத்து, போர்வை போட்டு மூடுங்கள். அப்போது அக்கா சொன்ன ஆக்சிஜன் விஷயத்தை மறக்காதீர்கள்.

சயனோ (சயனோபாக்டீரியா) மருந்து என்று விற்கும் ஆன்டிபயாட்டிக் பக்கம் போகவே வேண்டாம். போட்டிக்கு நிற்கும் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு டைனோவை விட்டுவிடும்.

பதில்: டோங்காட்

நான் சொன்னது தவறு, தம்பி. நத்தை விஷயத்தைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். காத்திருங்கள் என்று சொன்னதற்கு வருந்துகிறேன். என்னிடம் ஏழு வருடத் தொட்டி இருக்கிறது, நோய் இல்லாதது. கைப்பிடி மணலும் இரண்டு சின்னப் பாறைத் துண்டும் தருகிறேன், ஞாயிறன்று வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் புழு, கோபிபாட் என்ற நுண் ஓட்டுயிர், பாக்டீரியா எல்லாம் உங்கள் தொட்டிக்குத் தேவை. கடற்கரையில் போய் எடுத்துவிடாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கழிவுநீர் கலந்து நம் கரைகளை எத்தனை தடவை மூடினார்கள் என்று பார்த்தோமே. பவளத்தை அனுமதிப் பத்திரம் இல்லாமல் தொடுவதும் சட்டப்படி குற்றம்.

கேட்டவர்: சாட்ஸ்வர்த், 16 நாள் கழித்து

டோங்காட் அண்ணன் வீட்டில் சாப்பிட்டுத்தான் வந்தேன். மணலும் பாறையும் போட்டாயிற்று.

பாஸ்பேட் ஒன்பது நாள் 0-விலேயே நின்றது. பத்தாம் நாள் 0.03. இன்று 0.08, நைட்ரேட் 6. போர்வையை எடுத்த நாளில் பாறையில் நூல் எதுவும் இல்லை. இன்று வரை திரும்பவில்லை. ஹாமர் பாதி விரிந்திருக்கிறது. மிச்சம் நான்கு நத்தையும் உயிரோடு, ராத்திரி கண்ணாடியில் ஏறுகின்றன. பச்சைப் பாசி கொஞ்சம் கண்ணாடியில் வந்திருக்கிறது.

மணல் மட்டும் மதியத்தில் இன்னும் பழுப்பு. தங்கை மறுபடி பார்த்தாள், மூக்கு வளைந்த முட்டைகள்தான்.

பதில்: பீனிக்ஸ்

பச்சைப் பாசியைக் கொஞ்ச நாள் துடைக்காதீர்கள், அது நம் பக்கம்.

மணலுக்கு இப்போது சிலிக்கேட் போட வேண்டும். ஆமாம், முதலில் நீக்கச் சொன்ன அதே சிலிக்கேட். மணலில் டையாட்டம் வளர்ந்தால் ஆம்ஃபிடினியத்துக்கு இடமும் சத்தும் குறையும். சோடியம் சிலிக்கேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, சிலிக்கேட் டெஸ்ட் கிட்டில் 1 முதல் 2 பிபிஎம் வரை கொண்டுவாருங்கள். கரைசல் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிர்) கொண்டது, ஆர்.ஓ. தண்ணீரில் நன்றாகக் கலந்து வேகமான நீரோட்டத்தில் விடுங்கள். மணல் சில நாளில் இன்னும் அதிகப் பழுப்பாகும். பயப்பட வேண்டாம், அது பொடியாக வரும் பழுப்பு, நூலோ குமிழியோ இருக்காது. தங்கையிடம் வாரம் ஒரு துளி காட்டுங்கள், முட்டை குறைந்து படகு கூடினால் சரியான வழியில் போகிறீர்கள். இது மாதக் கணக்கில் ஆகும். மணலைக் கிளறவே கிளறாதீர்கள். புது நத்தை இப்போது வாங்க வேண்டாம்.

கேட்டவர்: சாட்ஸ்வர்த்

சரி அண்ணா. சிலிக்கேட் கிட் சொல்லி வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமை வரும். அப்பாவின் நாற்காலியைப் பழைய இடத்தில் போடலாமா, அக்கா?

பதில்: கேப் டவுன்

பாறையில் நூல் போய்ப் பத்து நாளாவது ஆகட்டும், கார்பனை இன்னும் இரண்டு தடவை மாற்றுங்கள். அதற்குப் பிறகு போடலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும்.