பாளையக்காரர் கதை விளையாட்டு: ஊர்கள் பெருகப் பெருக ஆட்டம் சப்பென்று ஆகிறது

நெற்குதிர் (கேள்வி)

ட்வைன் 2 என்ற கதை விளையாட்டு மென்பொருளில், அதன் சுகர்க்யூப் வடிவத்தில், தமிழிலேயே ஒரு இன்டராக்டிவ் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். களம், திருநெல்வேலிச் சீமையின் கிழக்கே ஒரு கற்பனைப் பாளையம், அதாவது ஒரு பாளையக்காரர் ஆளும் சிற்றாட்சிப் பகுதி. புதிதாகப் பட்டத்துக்கு வந்த வாரிசுதான் ஆட்டக்காரர். காலம் 1792 முதல் 1800 வரை. தொடக்கத்தில் 10 ஊர். ஆண்டுக்குக் கார், பிசானம் என்ற இரு நெல் பருவத்துக்கும் ஒவ்வொன்றாக இரண்டு சுற்று, 8 ஆண்டுக்கு 16 சுற்று. நிதி, படை, மதிப்பு, குடிகளின் மனநிலை ஆகிய நான்கும் கணக்கில் இருக்கின்றன.

சிக்கல் மூன்று இடத்தில். ஒவ்வொரு முடிவுக்கும் தனிக் கிளை போட்டால் மூன்றாம் ஆண்டுக்குள் பாசேஜ்கள் (கதைப் பக்கங்கள்) எழுதித் தீராத அளவுக்குப் பெருகிவிடுகின்றன. அடுத்தது, பக்கத்துப் பாளையத்தின் ஊர்களைப் பிடித்தால் வருமானம் ஏறுகிறது, அதைக் கொண்டு படை ஏறுகிறது, படையைக் கொண்டு இன்னும் ஊர். நாலாம் ஆண்டுக்குப் பிறகு எந்தத் தேர்வும் உறைப்பதில்லை. கடைசியாக, ஆட்டக்காரர் தட்டச்சு செய்யும் பெயரோடு உருபு சேரும்போது ‘எட்டயபுரம்ஐ’ என்று வந்து நிற்கிறது. இவற்றை எப்படிச் சரிசெய்வது?

கரிசல்மேடு (பதில்)

இரண்டாவது சிக்கலுக்கு வேர் நீங்கள் எடுத்த காலத்தில் இருக்கிறது. 1792 உடன்படிக்கைக்குப் பிறகு பாளையக்காரர்களிடம் பேஷ்குஷ் எனும் கப்பத்தை வசூலிக்கும் அதிகாரம் நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. அப்போது அண்டை ஊரைப் பிடிப்பவர் கலெக்டருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எழுதத் தகுந்தது தாக்குப்பிடிக்கும் கதை. பாளையத்தை விரிக்கும் கதை வேண்டுமானால் 1736–1755 இடைவெளிக்குப் போங்கள். மதுரை நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்தது. 1741 முதல் 1743 வரை திருச்சி மராத்தியர் கையில். 1755இல் கம்பெனிப் படைத்தலைவர்கள் ஹெரானும் யூசுப் கானும் படையோடு தெற்கே வந்தார்கள். நடுவில் கப்பம் யாருக்குக் கட்டுவது, கட்டாமலே விட்டால் என்ன ஆகும் என்பதே ஆண்டுதோறும் ஒரு நல்ல தேர்வு.

இன்னொன்று, கிழக்கே கார், பிசானம் பொருந்தாது. எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் கரிசல், வானம் பார்த்த பூமி. அங்கே பருத்தியும் கம்பும்தான். கார், பிசானம் இரண்டும் நடக்கும் ஊர் வேண்டுமானால் பாளையத்தை மேற்கே, மலையடிவாரத்துக் குளத்துப் பாசனத்தில், சிவகிரி, ஊத்துமலைப் பக்கம் வையுங்கள். இரண்டையுமே தொடக்கத் தேர்வாகக் கொடுத்தால் இன்னும் நல்லது: மேற்கே வரவு நிலையானது, ஆனால் குளம் உடைந்தால் இரண்டு பருவம் போகும், கிழக்கே ஒரே அறுவடை, மழை பொய்த்தால் முழுச் சேதம்.

விரிவாக்கத்தைப் படையெடுப்பில் மட்டும் தொங்கவிடாதீர்கள். பாளையக்காரரின் கை நீண்டதே காவல் வழியாகத்தான். தன் எல்லைக்குள் தலக்காவல், எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களில் தேசகாவல். காவல் கட்டணம் வாங்குபவர், அங்கே களவு போனால் பொருளை மீட்டுத்தர வேண்டும், இல்லையேல் ஈடுகட்ட வேண்டும். வரவோடு பொறுப்பும் சேர்ந்தே வரும் ஏற்பாடு இது. உங்கள் ஆட்டத்தில் இல்லாமல் போனது அதுதான்.

எண்ணாகச் சொல்கிறேன். சொந்த ஊர் 10, ஒவ்வொன்றும் பிசானத்தில் 40, காரில் 20 சக்கரம் (அக்கால நாணயம்) தந்தால் ஆண்டுக்கு 600. ஒரு பங்கு மேலே, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு தனக்கு என்ற நாயக்கர் கால வழக்கப்படி கைக்கு நிற்பது 200. தேசகாவல் ஊர் ஒன்று ஆண்டுக்கு 15 தரட்டும். காவலாள் வைத்தால் அந்த ஊருக்குச் செலவு 8, களவு நடக்க ஒரு பருவத்தில் 5 சதவீத வாய்ப்பு. வைக்காவிட்டால் செலவில்லை, வாய்ப்பு 20 சதவீதம். ஒரு களவுக்கு ஈடு 30. காவலாள் வைத்த ஊரில் சராசரி மிச்சம் 4, வைக்காத ஊரில் 3. சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லாதது வேண்டுமென்றே வைத்தது, ஏனென்றால் வித்தியாசம் ஆபத்தில் இருக்க வேண்டும். காவலாள் இல்லாத 10 ஊர் இருந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பருவத்தில் மூன்றோ அதற்கு மேலோ களவு விழும்: ஒரே அடியில் 90 சக்கரம் போய், மதிப்பும் போகும். காவலாள் வைத்த 10 ஊரில் அது நூற்றில் ஒரு பருவம்தான். ஊர் கூடக்கூட இந்த வித்தியாசம் கடிக்கும்.

நாணயத்தில் ஆசைப்பட வேண்டாம். சென்னைக் கணக்கில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. படிக்கச் சுவை, ஆட்டத்தில் தொல்லை. ஒரே அலகு போதும்.

முடிச்சு

கிளைச் சிக்கலுக்கு: மரம்போல் கிளை விடும் அமைப்பையே கைவிடுங்கள். நடுத்தண்டில் 2, 4, 6, 8ஆம் ஆண்டுகளின் முடிவில் எல்லோரும் வந்து சேரும் நாலு நிலையான காட்சிகள் போதும். மற்றதெல்லாம் ஸ்டோரிலெட், அதாவது நிபந்தனை பொருந்தினால் மட்டும் மேலே வரும் தனித்தனி நிகழ்வுகள்.

ஒரு சுற்றின் வரிசை: அறுவடைக் கணக்கு, இரண்டு நிகழ்வு, வாய்தா வந்த பாக்கி, கடைசியில் சபை முடிவு. ஒரு முறை ஆடுபவர் 32 நிகழ்வு பார்ப்பார். மறுமுறை ஆடும்போது புதுசாக இருக்க அதற்கு மூன்று மடங்கு, சுமார் 95, கைவசம் வேண்டும். ஒன்று 250 சொல் என்றால் 24,000 சொல்லுக்குக் கொஞ்சம் குறைவு. எழுதி முடிக்கக்கூடிய அளவு.

பாக்கிதான் இதில் உயிர். ஒவ்வொரு வாக்கையும் யாருக்கு, என்ன, எந்தச் சுற்றில் என்று மூன்று விவரத்தோடு ஒரு பட்டியலில் போடுங்கள். மூன்றாம் சுற்றில் அண்டைப் பாளையத்துக்கு 100 ஆள் தருகிறேன் என்று சொன்னவரிடம் ஏழாம் சுற்றில், குளத்து மடை உடைந்து ஆள் தேவைப்படும் நேரத்தில், ஓலை வர வேண்டும். தனிக் கிளை எழுதாமலே ஆட்டம் தன் முடிவை நினைவில் வைத்திருக்கிறது என்று ஆட்டக்காரர் உணர்வது அங்கேதான்.

சுகர்க்யூப்பில் கவனிக்க வேண்டியவை. ட்வைனின் இன்னொரு வடிவமான ஹார்லோவில் ஸ்டோரிலெட் மேக்ரோ உள்ளேயே உண்டு. இங்கே நாமே எழுத வேண்டும். நிகழ்வுகளின் பட்டியலையும் நிபந்தனைகளையும் ‘செட்டப்’ பொருளில் வையுங்கள், டாலர் குறியில் தொடங்கும் மாறிகளில் வேண்டாம். டாலர் மாறிகள் ஒவ்வொரு பாசேஜ் மாறும்போதும் நகலெடுக்கப்படும், சேவ் கோப்பும் ஊதும். அதே காரணத்தால் ஒரே ஊரை இரண்டு மாறிகள் சுட்டினால் அடுத்த பாசேஜில் அவை இரண்டு தனி ஊர்களாகிவிடும். ஒன்றில் வரியை ஏற்றினால் மற்றதில் ஏறாது. ஊருக்கு அடையாள எண் கொடுத்து அந்த எண்ணை மட்டும் சேமியுங்கள்.

ஒருமுறை வந்த நிகழ்வு குறைந்தது 4 சுற்று திரும்பி வரக்கூடாது. எந்த நிபந்தனையும் பொருந்தாமல் பக்கம் வெறுமையாக வரும் ஆபத்து கடைசி ஆண்டுகளில் அதிகம், அதற்காக நிபந்தனையே இல்லாத ஆறேழு நிகழ்வுகளைத் தனியாக வையுங்கள். களவுக்குப் பகடை உருட்டுவதால் ஆட்டக்காரர் பழைய சேவைத் திறந்து மறுபடி உருட்டிப் பார்ப்பார். ‘ஸ்டேட்’ பொருளின் விதையிட்ட ரேண்டம் வசதியை ஆட்டம் தொடங்கும்போது ஓடும் ஸ்டோரிஇனிட் பாசேஜில் இயக்கிவிட்டால், அதே சேவிலிருந்து அதே செயலுக்கு அதே விளைவுதான் வரும்.

நெற்குதிர்

காவல் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்கிறேன், காலத்தையும் 1736க்கு மாற்றி, இடத்தை மேற்கே நகர்த்துகிறேன். பெயர்ச் சிக்கல் பாக்கி. கூடவே ஒன்று: மதிப்பு, குடிகளின் மனநிலை போன்றவற்றை எண்ணாகத் திரையில் காட்டலாமா?

ஒற்று

பெயருக்கு: தட்டச்சுப் பெட்டியை எடுத்துவிடுங்கள். விதி எழுதித் தப்பிக்கலாம் என்று தோன்றும், தப்பிக்க முடியாது. மகரத்தில் முடிந்தால் அத்துச் சாரியை: எட்டயபுரம், எட்டயபுரத்தை. இகரம், ஐகாரத்தில் முடிந்தால் யகரம்: சிவகிரியை, ஊத்துமலையை. உகரத்தில்தான் சிக்கல் முற்றும். ஆள் பெயர் ‘ராசு’ ராசுவை ஆகும், ஊர்ப்பெயரில் ‘காடு’ காட்டை ஆகும். மெய்யில் முடியும் ‘பொன்’ ஒற்று இரட்டித்துப் பொன்னை ஆகும். வந்தது ஆள் பெயரா ஊர்ப்பெயரா என்று நிரலுக்குத் தெரியாது.

பட்டியலிலிருந்து 12 ஆள் பெயர் தேர்வு செய்யக் கொடுங்கள். ஊர்களுக்கு எழுவாய், ஐ, கு, இல், பெயரடை என்று ஐந்து வடிவங்களைக் கையால் எழுதி வையுங்கள்: எட்டயபுரம், எட்டயபுரத்தை, எட்டயபுரத்துக்கு, எட்டயபுரத்தில், எட்டயபுரத்து. 30 ஊருக்கு 150 சொல், ஓர் உட்கார்ப்பில் முடியும் வேலை. கதை ஆட்டக்காரரை ‘நீங்கள்’ என்று அழைத்தால் அவர் பெயருக்கு உருபு சேரும் இடங்கள் வெகுவாகக் குறைந்துவிடும்.

வல்லொற்றை மாறிக்குள் வைக்காதீர்கள், அது அடுத்து வரும் சொல்லைப் பொறுத்தது. ‘எட்டயபுரத்தைக் கைப்பற்ற’ என்பதில் வரும் க் உங்கள் வாக்கியத்தின் சொத்து. மாறியை ஒட்டி அங்கேயே எழுதுங்கள். சுகர்க்யூப் மாறிப் பெயர்களில் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் டாலர் குறியும்தான் செல்லும், ஆகவே தமிழ் எழுத்து வந்ததும் மாறி அங்கே முடிந்துவிட்டது என்று நிரல் புரிந்துகொள்ளும். உயிர்க்குறியை மட்டும், ஐகாரக் கொம்பு மாதிரி, மாறிக்குப் பின்னால் தனியாக விடாதீர்கள்.

வாரிசு ஆணா பெண்ணா என்று கேட்கத் தயங்க வேண்டாம். ‘வந்தார், சொன்னார்’ இருவருக்கும் பொது. மாற வேண்டியவை உறவுமுறையும் அழைப்புச் சொல்லும்தான்: தம்பி, தங்கை, மகாராஜா, ராணி. மதுரையில் மங்கம்மாள், சிவகங்கையில் வேலு நாச்சியார் ஆண்ட மண், கதைக்கு அது செயற்கையாக இருக்காது.

எழுத்தெழுத்தாக ஓடிவரும் காட்சி வைத்திருந்தால் பாருங்கள்: ‘கொடு’ என்பதில் முதலில் ‘க’ தெரிந்து, பிறகு ‘கொ’ ஆக மாறும். எழுத்தைத் தனித்தனி ஸ்பான் குறிச்சொல்லில் போடும் நிரலாக இருந்தால் புள்ளி வட்டமே வரும். ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்டில் செக்மென்டர்’ கொண்டு கிராஃபீம் (கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் அலகு) அளவில் வெட்டினால் சரியாகிவிடும்.

கணக்கப்பிள்ளை

எண் காட்டுவது பற்றி: நிதியும் காவல் ஊர்களின் எண்ணிக்கையும் துல்லியமாகத் தெரிய வேண்டும், பாளையத்தில் கணக்கு எழுதுபவர் இருக்கிறார். மதிப்பையும் மனநிலையையும் எண்ணாகக் காட்டினால் ஆட்டக்காரர் கதையை விட்டுவிட்டு எண்ணைப் படிப்பார். 0–100ஐ ஐந்து கட்டமாகப் பிரித்து, சுற்றின் தொடக்கத்தில் ஒரு வரி கொடுங்கள்: நாட்டாண்மை வந்து நிற்கும் விதம், களத்துமேட்டில் ஆள் கூடும் எண்ணிக்கை. கட்டம் மாறும் சுற்றில் மட்டும் வரி மாறினால் போதும், வாசகர் கவனித்துவிடுவார்.

மதிப்பு, மனநிலை இரண்டுக்கும் நேர்க்கூட்டல் வேண்டாம். சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற மற்றொரு கதை விளையாட்டு மொழியின் ‘ஃபேர்மேத்’ முறையைச் சின்ன ஃபங்ஷனாக எழுதிக்கொள்ளுங்கள்: ஏற்றும்போது 100க்கு எவ்வளவு மீதி இருக்கிறதோ அதில் சதவீதம், இறக்கும்போது இருப்பதில் சதவீதம். மதிப்பு 80 இருக்கையில் 20 சதவீதம் ஏற்றினால் 84தான், 20 சதவீதம் இறக்கினால் 64. மேலே போகப் போக ஏறுவது கடினம், விழுவது பெரிது. நிதிக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது, கணக்கு யாருக்கும் புரியாமல் போகும்.

கதை எழுதும் முன் பொருளாதாரத்தைத் தனி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகப் பிரித்து, கதையே இல்லாமல் ஆயிரம் ஆட்டம் ஓட்டுங்கள். எப்போதும் விரிப்பவர், ஒருபோதும் விரிக்காதவர், கண்மூடித்தனமாகத் தேர்பவர் என்று மூன்று பொம்மை ஆட்டக்காரர் போதும். 16ஆம் சுற்றில் முதல் ஆள் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களில் நிதியிலும் மதிப்பிலும் சேர்ந்தே முந்தினால் விரிவாக்கச் செலவு குறைவு என்று பொருள். களவு வாய்ப்பைத் தொடாதீர்கள், காவலாள் செலவை 8இலிருந்து 10 ஆக்கிப் பாருங்கள். வாய்ப்பை ஏற்றினால் ஆட்டக்காரருக்கு அநியாயமாகத் தெரியும். செலவை ஏற்றினால் தான் எடுத்த முடிவாகத் தெரியும்.

கோட்டை விழுந்தால் ஆட்டம் முடிந்தது என்று வைக்காதீர்கள். மண்கோட்டை இடிவது சுலபம், எழுவதும் சுலபம்: 1799இல் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை 1801இல் ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பிவிட்டார்கள். கோட்டை போனால் இரண்டு சுற்று வரவும், காவல் ஊர்களில் பாதியும் போகட்டும். பாக்கிப் பட்டியல் மட்டும் அப்படியே இருக்க வேண்டும். 100 ஆள் கேட்டு வரும் ஓலை இடிந்த கோட்டைக்கும் வரும், அந்தச் சுற்றுக்கு மட்டும் தனியாக மூன்று நிகழ்வுகள் எழுதி வையுங்கள்.