டே கேரில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை: உங்கள் அனுபவம் எப்படி?

லூயிவில், கென்டக்கி

கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கிறேன். ஈஏடி, அதாவது வேலை செய்ய அனுமதி, வந்ததும் வீட்டுக்குப் பக்கத்து டே கேரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊழியர் பிள்ளைக்குப் பாதிக் கட்டணம் என்றார்கள். முதல் சம்பளம் வந்த பிறகுதான் தெரிந்தது, மீதிப் பாதியே சம்பளத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. கைக்குழந்தை அறைக்குத்தான் கட்டணம் அதிகம். இங்கே 5 குழந்தைகளுக்கு ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அந்தச் செலவு நம் தலையில் விடிகிறது.

நான் அடுத்த அறையில். பாதிக்கதவு வழியாகப் பையன் என்னைப் பார்த்துவிட்டால் அழுகை நிற்காது. அதனால் சமையலறைப் பக்கமாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள்.

2022 அக்டோபரில் மாநில அரசு விதியை மாற்றியது. டே கேரில் வாரம் 20 மணி நேரமாவது வேலை பார்த்தால், குடும்ப வருமானத்தைக் கணக்கில் எடுக்காமலே பிள்ளைக்கு உதவித்தொகை. கணவரின் ஐடி சம்பளத்துக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது என்றிருந்தேன், கிடைத்தது! குடியுரிமை பார்ப்பது பிள்ளைக்குத்தான், பெற்றோருக்கு அல்ல. என் பையன் இங்கே பிறந்தவன். கூட வேலை பார்க்கும் தோழியின் மகள் சென்னையில் பிறந்து எச்4-இல் வந்தவள். அதே வேலை, அதே நேரம், அவளுக்கு இல்லை. அவர் இன்னும் பாதிக் கட்டணம்தான் கட்டுகிறார்.

மெல்பர்ன்

இங்கே முன்பெல்லாம் டே கேர் தள்ளுபடி கொடுத்தால் அரசு மானியமும் அதற்கேற்பக் குறையும். 2023 ஜூலையிலிருந்து அப்படியில்லை. மானியம் போக நாம் கட்டும் தொகையில் 95 சதவீதம் வரை தள்ளுபடி தரலாம், மானியம் குறையாது. ஆனால் தருவதும் தராததும் நிர்வாகத்தின் இஷ்டம். எங்கள் இடத்தில் இப்படி ஒரு விதி இருப்பதே மேலாளருக்குத் தெரியவில்லை. அரசுப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். இப்போது பாதித் தள்ளுபடி தருகிறார்கள். சரி, அதுவும் லாபம்தான்.

டாலஸ்

அமெரிக்காவில் இருப்பவர்கள் வரியையும் பாருங்கள். சாதாரண ஊழியர் தள்ளுபடி 20 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய தொகை வருமானமாகிவிடும். நிர்வாகம் அதை முறையான பிள்ளைப் பராமரிப்புத் திட்டமாக எழுதி வைத்திருந்தால் 2025 வரை ஆண்டுக்கு 5,000 டாலர் வரை வரி இல்லை, 2026 முதல் 7,500. ஆண்டுச் சம்பளத்தைக் காட்டி நிர்வாகம் தரும் டபிள்யூ-2 படிவத்தில் அந்தத் தொகை 10-ஆம் கட்டத்தில் வரும். எனக்கு அது காலியாக இருந்தது. கேட்டதும் கணக்காளர் திருத்திக் கொடுத்தார்.

அப்புறம் ஒரு கேள்வி: இரண்டாவது பிள்ளைக்கும் அதே சலுகை யாருக்காவது கிடைத்திருக்கிறதா? எங்கள் இடத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டும்தானாம்.