ஜெர்மனிக்கு வேலைக்கு வருகிறீர்களா? முகவரிப் பதிவு முதல் சம்பளச் சீட்டு வரை

வீடு பார்க்கும்போது வாடகைக்கும் முன்னால் கேட்க வேண்டியது, "இந்த முகவரியில் அன்மெல்டுங் போட விடுவீர்களா?" என்பதுதான். அன்மெல்டுங் என்பது குடியிருக்கும் முகவரியை ஊர் அலுவலகத்தில் பதிவது. குடிபுகுந்து இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். ஸ்டோயர் ஐடி எனும் 11 இலக்க வரி எண்ணும், அதை வைத்து வரும் சரியான சம்பளப் பிடித்தமும், குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையான கிண்டர்கெல்ட்டும் இதற்குப் பிறகுதான் நகரும். மாதக்கணக்கில் விடப்படும் பர்னிஷ்டு அறைகள் பலவற்றில் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். விலை குறைவென்று அங்கே மூன்று மாதம் உட்கார்ந்தால் மூன்று மாதமும் எல்லாம் முடங்கும்.

வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. நீங்கள் அங்கே குடிபுகுந்ததை உறுதிசெய்து வீட்டுக்காரர் கையெழுத்திட்ட 'வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங்' என்ற ஒரு பக்கப் படிவம் வேண்டும். சாவி வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள். பெர்லினில் இருப்பவர்கள் தங்கள் வட்டார அலுவலகத்தில் நேரம் கிடைக்கவில்லையென்று காத்திருக்க வேண்டாம்; நகரின் எந்த பியூர்கர்ஆம்ட்டிலும் (முகவரி பதியும் அலுவலகம்) பதியலாம். இரண்டு வாரத்துக்குள் நேரமே கிடைக்காவிட்டால், முன்பதிவு செய்த மின்னஞ்சலை ஆதாரமாக அழிக்காமல் வைத்திருங்கள்.

படிவத்தில் மதம் கேட்கும் கட்டம் பணச் சமாச்சாரம். கத்தோலிக்கர் என்றோ எவாங்கெலிஷ் (புராட்டஸ்டன்ட்) என்றோ குறித்தால் தேவாலய வரி வரும்: பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. இது சம்பளத்தில் அல்ல, வருமான வரித் தொகையில் கணக்கிடப்படுவது. பின்னால் வேண்டாமென்றால் சபையிலிருந்து விலகுவதாக முறைப்படி அறிவிக்க வேண்டியிருக்கும். எனவே தெரிந்தே குறியுங்கள்.

அடுத்தது தபால்பெட்டி. இங்கே தபால்காரர் வீட்டு எண்ணைவிடப் பெட்டியில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார். நம்மவர்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் இருந்தால், கடிதங்கள் அப்பா பெயருக்குத்தான் வரும். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் இருக்கும், பிள்ளைக்கு உங்கள் பெயர். பெட்டியில் இவை எல்லாவற்றையும் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் வரி எண் கடிதமும் வங்கி அட்டையும் அனுப்பிய இடத்துக்கே திரும்பும். வரி எண் இல்லாமல் இழுத்துக்கொண்டே போனால், நிறுவனம் அதிகப் பிடித்தமுள்ள 6-ஆம் வரி வகுப்பில் சம்பளம் போட்டுவிடும் (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதற்கு 1 முதல் 6 வரை வகுப்புகள் உண்டு). ஆண்டு வரிக் கணக்கு தாக்கல் செய்து மீட்கலாம்தான், ஆனால் முன்பணமும் வாடகையும் கேட்பது இந்த மாதம்.

சம்பளத்தை ஆண்டுத் தொகையில் பார்த்து மயங்க வேண்டாம். மாதம் 5,000 யூரோ மொத்தச் சம்பளம், குழந்தை இல்லை, 1-ஆம் வகுப்பு என்றால் கைக்கு ஏறக்குறைய 3,100 முதல் 3,200 வரைதான் வரும். ஓய்வூதியத்துக்கு மட்டும் உங்கள் பங்கு 9.3 சதவீதம். திருமணமானவராக இருந்தாலும் துணைவர் ஊரில் இருக்கும்வரை 1-ஆம் வகுப்புதான். அவர் வந்து முகவரி பதிந்ததும் இருவருக்கும் 4 ஆகும். ஒருவர் மட்டும் சம்பாதித்தால் அவருக்கு 3, மற்றவருக்கு 5 என மாற்றக் கேளுங்கள். அப்படி மாற்றிய ஆண்டில் இருவருமே சம்பளம் வாங்கினால் ஆண்டு வரிக் கணக்கு தாக்கல் செய்வது கட்டாயம்.

பலர் கோட்டைவிடுவது, முதுமையிலோ நோயிலோ பராமரிப்புக்கென்று சம்பளத்தில் பிடிக்கும் பராமரிப்புக் காப்பீட்டில். 23 வயது கடந்த, குழந்தையில்லாதவர்களுக்கு 0.6 சதவீதம் கூடுதல். பிள்ளை ஊரில் பாட்டியிடம் இருந்தாலும் பிள்ளைதான். பிறப்புச் சான்றிதழை எச்ஆரிடம் கொடுத்து அந்தக் கூடுதலை நீக்குங்கள். கிண்டர்கெல்ட் விண்ணப்பத்தையும் தள்ளிப்போடாதீர்கள், பின்தேதியிட்டு ஆறு மாதத்துக்குத்தான் தருவார்கள்.

வாடகை விளம்பரத்தில் கால்ட்மீட்ட என்பது வெறும் வாடகை. வார்ம்மீட்ட என்பதில் வழக்கமாக வெந்நீர், ஹீட்டிங், குப்பை போன்றவை சேரும். மின்சாரமும் இணையமும் பெரும்பாலும் தனி. முன்பணம் மூன்று மாத கால்ட்மீட்டவுக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. 'ஐன்பவ்குயூஹ' (பொருத்தப்பட்ட சமையலறை) என்று போடாத வீட்டில் சமையலறை என்பது நான்கு சுவரும் ஒரு குழாயும் மட்டும் என்றிருக்கலாம். சிங்க், அடுப்பு எல்லாம் உங்கள் செலவு. மின்சாரத்துக்கு ஒப்பந்தம் போடாவிட்டால் உள்ளூர் அடிப்படை விநியோகஸ்தரின் கட்டணம் தானாக ஓடும், அது பெரும்பாலும் விலை கூடியது. இரண்டு வார நோட்டீஸில் மாறலாம்.

முகவரிப் பதிவு முடிந்ததும், பொது வானொலி-டிவிக்கான ஒலிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்ற பதில் செல்லாது. அறைத்தோழர் ஏற்கெனவே கட்டுகிறார் என்றால் அவருடைய கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு அனுப்பினால் போதும்.

இந்தியப் பக்கம்: நிதியாண்டில் செப்டம்பர் 28-க்குள் கிளம்பி மார்ச் வரை திரும்பாவிட்டால் இந்தியாவில் இருந்த நாள் 182-க்குக் கீழே நிற்கும், அந்த ஆண்டே என்ஆர்ஐ ஆகலாம். பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) மாற்றுங்கள். என்ஆர்ஈ (வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போடும் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை என்பது சரி, ஆனால் ஜெர்மனியில் குடியிருப்பவருக்கு உலக வருமானம் முழுவதும் கணக்கு. தனிநபருக்கு ஆண்டுக்கு 1,000 யூரோ வரை முதலீட்டு வருமானத்துக்கு விலக்கு. அதற்கு மேல் போகும் வட்டியை இங்கே காட்டியே ஆக வேண்டும்.